பழைய ஆங்கிலக் கொச்சைச் சொற்களில் உங்களுக்குப் பிடித்தவை எவை?

எனக்குப் பிடித்தவை எல்லாம் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்து 1785-ல் லண்டனில் வெளியான கொச்சை அகராதி. குரோஸ் நல்ல பருமனான ஆள். பழைய கோட்டைகளையும் தேவாலயங்களையும் வரைந்து எழுதியவர். ராத்திரியில் வேலைக்காரனோடு லண்டன் சாராயக் கடைகளில் சுற்றிச் சொல் பொறுக்கினார் என்பார்கள்.

அதில் தூக்குத் தண்டனைக்கு மட்டும் எத்தனை சொல்! ‘டான்ஸ் அப்பான் நத்திங்’ என்றால் தூக்கில் தொங்குவது. காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் ஆடுகிற ஆட்டம். கணவனைத் தூக்கில் பறிகொடுத்தவள் ‘ஹெம்பன் விடோ’, அதாவது சணல் விதவை. கயிறு சணலில் திரித்தது. லண்டனின் டைபர்ன் தூக்குமேடை பாடிங்டன் என்ற பகுதியின் பக்கம் இருந்ததால், தூக்கு நாளுக்குப் ‘பாடிங்டன் சந்தை நாள்’ என்று பெயர். கூட்டமும் சந்தைக்கு வருகிற மாதிரிதான் வந்தது. 1783-க்குப் பிறகு அங்கே தூக்கு இல்லை, ஆனால் சொல் அகராதியில் தங்கிவிட்டது. குரூரம்தான். நாமும் ‘டிக்கெட் வாங்கிட்டான்’ என்று சொல்கிறவர்கள்தானே.

அம்மணத்தைச் சொல்லும் ‘பர்த்டே சூட்’டும் இதில் உண்டு. அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் என் செல்லச் சொல் ‘கிட்டில் பிட்சரிங்’. நீட்டி முழக்கிக் கதை சொல்பவரை, ஆரம்பத்திலேயே ஒன்றுக்கும் உதவாத விவரத்தில் மறித்து, அது தீர்ந்ததும் அடுத்ததைக் கிளப்பி, கதைக்குள்ளேயே போகவிடாமல் செய்வது. இதற்கென்று ஒரு சொல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் வீட்டில் தினமும் நடக்கிறது. சித்தப்பா ஆரம்பிப்பார்: “ஒரு தடவை சோழன்ல திருச்சி போய்க்கிட்டிருந்தேன்...” சித்தி, “சோழன் இல்ல, பல்லவன்.” சரி, பல்லவன். “செவ்வாய்க்கிழமை, கூட்டமே இல்ல...” “புதன்கிழமைங்க. அன்னிக்குத்தான் சிலிண்டர் வந்துச்சு.” அந்தக் கதை இதுவரை விழுப்புரத்தைத் தாண்டியதில்லை. திருச்சியில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. குரோஸ் இறந்து இருபது வருடம் கழித்து, 1811-ல் வேறு ஆட்கள் திருத்தி வெளியிட்ட பதிப்பில் ‘கேட்டமரான்’ இருக்கிறது. ஆம், நம்ம கட்டுமரம். பொருள்: எலும்பும் தோலுமான கிழவி! கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவையிலிருந்து வந்தது, கப்பல் உடைந்து தவிப்பவர்களைக் காப்பாற்ற உதவுவது என்று விளக்கம் வேறு. சேர்த்துக் கட்டியது என்பது வரை வந்துவிட்டார்கள், ‘கட்டு’ தமிழ் என்பதைத்தான் சொல்லவில்லை. கட்டுமரம் மிதந்த ஊர்க்காரன் நான். இங்கே எந்தக் கிழவியையும் யாரும் கட்டுமரம் என்று திட்டி நான் கேட்டதில்லை.