அப்பாவின் ரெக்கார்டு பெட்டி – கடிதம்

அன்புள்ள சார்,

கோயில் கொடைக்கு மைக் செட் கட்டுவதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்துபோய்ப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே முப்பது நாற்பது ரெக்கார்டுகள், பழைய இசைத்தட்டுகள். பிளேயர் எப்போதோ பழுதாகிவிட்டதாம். அதே பாட்டுகளை செல்போனில் தேடிப் போட்டு, நல்ல ஹெட்போனையும் மாட்டிவிட்டேன். இரண்டு நிமிடம் கேட்டார், கழற்றி வைத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அது இல்ல" என்றார். அதே பாட்டு, அதே குரல், இன்னும் துல்லியமாகத்தான் கேட்கிறது. இது வயதானவர்களின் பிடிவாதமா, இல்லை நிஜமாகவே ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா? அவருக்கு ஒரு பிளேயர் வாங்கித் தரலாம் என்றும் யோசனை.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

பிடிவாதமும் கொஞ்சம் இருக்கும். ஆனாலும் அப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது.

எங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு பாட்டு ஒரே நாளில் முழுசாக வந்து சேர்ந்ததில்லை. தவணையில்தான் வந்தது. முதலில் மெட்டு, அப்புறம் பெயர்கள், கொடுத்துவைத்திருந்தால் கடைசியில் வாத்தியங்கள்.

மெட்டு வந்தது குழாய் ஸ்பீக்கரில். திருச்செந்தூர் பக்கம் எங்கள் ஊரில் கல்யாணமோ சடங்கோ கொடையோ, முதல் நாள் சாயங்காலமே வேப்பமரத்தில் குழாய் ஏறிவிடும். சீர்காழி கோவிந்தராஜன் விநாயகனைப் பாடி முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு இடம். பாசமலர் 1961-இல் வந்த படம். எழுபதுகளிலும் அதில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய 'வாராய் என் தோழி' ஒலிக்காமல் எங்கள் பக்கம் பெண்ணழைப்பு நடந்ததில்லை. மைக் செட் அண்ணன் ரெக்கார்டை உறையிலிருந்து இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பிடித்து எடுப்பார், விரல் படாது. வாயால் ஊதுவார், பனியன் நுனியால் ஒரு துடைப்பு. முள் தாவாமலிருக்க அதன் தலையில் ஐந்து பைசா ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருப்பார். அடுத்த ரெக்கார்டைக் கையில் வைத்திருக்கும் உத்தியோகத்துக்குப் பையன்களுக்குள் அடிதடியே நடக்கும்.

அந்தக் குழாயால் கீழ்ஸ்தாயியைக் கொண்டுவர முடியாது. சுமாராக 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் அதில் அநேகமாக வெளியே வராது. குரலும் புல்லாங்குழலும் வயலினும் பக்கத்து ஊர் வரை போகும். பேஸ் கிட்டார் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. 1976-இல் அன்னக்கிளி வந்து ஊர் ஊராகக் கலக்கியபோதுகூட நாங்கள் கேட்டது மேல்பாதி இளையராஜாவைத்தான்.

பெயர்களைச் சொல்லித் தந்தது இலங்கை வானொலி. பி.வி.கேஸ்கர் 1952-இல் மத்திய அமைச்சராகி அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்த, கேட்கிறவர்கள் கொழும்புப் பக்கம் ரேடியோ முள்ளைத் திருப்பினார்கள். சினிமாப் பாட்டுக்கென்றே அகில இந்திய வானொலியின் விவித் பாரதி 1957 அக்டோபரில் வந்த பிறகும் எங்கள் கடற்கரையில் பெரும்பாலானோர் முள்ளைத் திருப்பி வைக்கவில்லை. மத்திய அலை (மீடியம் வேவ்) தரையைவிட உப்புத் தண்ணீர் மேல் சுலபமாகப் போகும். மன்னார் வளைகுடாவைத் தாண்டி வரும் கொழும்பு, எங்களுக்குச் சென்னையைவிடத் தெளிவு. காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டேதான் பள்ளிக்கூடம் கிளம்புவோம். அறிவிப்பாளர்களில் கே.எஸ்.ராஜா மூச்சுவிடாமல் பேசுவார், அப்துல் ஹமீத் ஒவ்வொரு எழுத்தையும் அதற்குரிய இடத்தில் வைப்பார். பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசை எல்லாம் சொல்லிவிடுவார்கள். ஜெமினி கணேசனே பாடுகிறார் என்று நம்பியிருந்த பையனுக்கு பி.பி.ஸ்ரீநிவாஸ் என்று ஒருவர் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. (ராஜாவை 1994-இல் கொழும்பில் கொன்றுவிட்டார்கள். அந்தக் குரலை நினைத்தால் இதுவும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.) இன்று நீங்கள் செல்போனில் தேடிய பாட்டின் கீழே நடிகர் பெயர் கட்டாயம் இருக்கும். எழுதியவர் பெயர் இருந்ததா என்று பாருங்கள்.

மூன்றாவது தவணை தூத்துக்குடியில் பெரியப்பா வீட்டில் கிடைத்தது. மரப்பெட்டி ஸ்பீக்கர், எல்.பி. என்கிற நீண்ட நேரம் ஓடும் ரெக்கார்டு. குழாயில் பல தடவை கேட்டு மனப்பாடமான பாட்டு ஒன்றைப் போட்டார். குரலுக்கு அடியில் வேறொரு மெட்டு ஓடிக்கொண்டிருந்தது! எனக்குச் சந்தோஷம் வரவில்லை, யாரோ ஏமாற்றியது போலத்தான் இருந்தது. அப்பா ஹெட்போனைக் கழற்றி வைத்தார் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு நினைவு வந்தது அந்த மத்தியானம்தான். அவர் பாட்டில் இல்லாத ஆட்களெல்லாம் உள்ளே வந்து வாசித்தால் அவர் என்ன செய்வார்?

இன்னொன்றும் இருக்கலாம். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் பிடிக்கும். படத்தில் வரும் சரணம் சில ரெக்கார்டில் இருக்காது. நீளமான பாட்டைப் பாதியில் வெட்டி மறுபக்கம் போட்டிருப்பார்கள். அப்படிக் கேட்டவருக்கு, நடுவில் ரெக்கார்டைப் புரட்டும் இடைவெளியும் பாட்டில் சேர்த்திதான்.

காத்திருந்து கேட்டதால்தான் இனித்தது என்று என் வயதுக்காரர்கள் எழுதுவதை மட்டும் நம்பாதீர்கள். காத்திருந்து எத்தனையோ மட்டமான பாட்டையும் கேட்டிருக்கிறோம்.

பிளேயர் விஷயம். முதலில் லேபிளில் வேகத்தைப் பாருங்கள்: 78, 45, அல்லது 33⅓. 78-க்கு முள் தடிமனாக இருக்க வேண்டும். எல்.பி. முள் அதன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் இரைச்சலை வாரிக்கொண்டு வரும், 78 முள்ளை எல்.பி.யில் வைத்தால் ரெக்கார்டே பாழ். மூன்று வேகமும் உண்டு என்று விற்கும் மலிவு பிளேயர்கள் பலவற்றில் முள் என்னவோ ஒன்றுதான், கேட்டு வாங்குங்கள். 78-ஐ ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட வேண்டாம். அது அரக்கு, கரைந்துவிடும். கீழே விழுந்தால் அப்பளம்தான். படுக்கப்போட்டு அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

செலவு செய்வதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். ஹெட்போன் வேண்டாம், சின்ன ஸ்பீக்கர் போதும். செல்போனில் ஈக்வலைசரைத் (ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) திறந்து பேஸை, அதாவது கீழ்ஸ்தாயியை, அடியோடு குறைத்துவிட்டு அதே பாட்டைப் பக்கத்து அறையிலிருந்து போடுங்கள். அப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.