வேக்குவம் பம்ப் எல்.சி.: வங்கி கேட்பது எச்.எஸ். எண் அல்ல

எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) வழியான வேக்குவம் பம்ப் ஏற்றுமதி ஆவணங்களை வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது, எச்.எஸ். எண் கொடுத்தும் விடவில்லை என்கிறீர்கள். அந்த எண் சுங்கத்துக்கான வகைப்பாடு மட்டுமே. வங்கியின் கவலை, பம்ப் இரட்டைப் பயன்பாட்டுப் பட்டியலில், அதாவது சாதாரணத் தொழிலுக்கும் ஆயுதத் தயாரிப்புக்கும் உதவக்கூடிய பொருட்களின் பட்டியலில், வருமா என்பது. அந்தப் பட்டியல்கள் பார்ப்பது தொழில்நுட்ப அளவுகளை. அணுசக்தி வழங்குநர் குழுவின் பட்டியலில் உள்வாய் 380 மி.மீ. அல்லது அதற்கு மேல், காற்றை இழுக்கும் வேகம் நொடிக்கு 15 கன மீட்டர் அல்லது அதற்கு மேல் என்பவை வரம்புகளில் அடக்கம். ரசாயன ஆயுதம் சார்ந்த ஆஸ்திரேலியா குழுவின் பட்டியலிலோ சின்ன பம்பும் சிக்கலாம். அங்கே ரசாயனம் படும் பாகம் எதனால் ஆனது என்பது முக்கியம்.

வங்கி ஊழியர் பொறியாளர் இல்லை, பாவம். ஆவணத்தில் உள்ள பொருளின் பெயரை வங்கியின் சோதனை மென்பொருள் சுட்டிக்காட்டினால் நிறுத்திவிடுவார். உற்பத்தியாளரின் டேட்டா ஷீட், பம்ப் அந்தப் பட்டியல்களில் வருமா வராதா என்று சொல்லும் வகைப்பாட்டுக் கடிதம், இறுதிப் பயனாளர் சான்று மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவர் வெறும் வணிகர் என்றால் கடைசியில் பம்ப் யாரிடம் போகிறது என்று கட்டாயம் கேட்பார்கள். அப்புறம், இன்வாய்ஸில் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள், எல்.சி.யோடும் முரண்படும், சந்தேகமும் கூடும்.