விசுவாசம் பசங்களுக்கு மட்டும்தானா? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

நான் வட கரோலினா கேரில இருக்கேன். 2007ல ஆன்சைட் வந்தவன், மூணு கம்பெனி மாறி இங்கயே செட்டில் ஆயிட்டேன். காலேஜ் பாஸ்கெட்பால்னா எனக்கு உசிரு. டியூக், கரோலினா மேட்ச் அன்னைக்கு எங்க வீட்டுல யாரும் என்கிட்ட பேச மாட்டாங்க. ஆனா இப்ப வெறுத்துப்போச்சு அக்கா. போன வருஷம் நம்ம டீம்ல ஆடினவன் இந்த வருஷம் எதிர்ல நிக்கறான். டிவி போட்டா ஒருத்தன் பேரும் தெரியல. டிபான்ட்சாங்கற பையனுக்கு பிஒய்யூங்கற காலேஜ்ல 7 மில்லியன் டாலர்னு பேசிக்கறாங்க, முதல் வருஷ ஃப்ரெஷ்மேனுக்கு இது தேவையா? விசுவாசம்ங்கறதே இந்த பசங்ககிட்ட இல்லாம போச்சு, எல்லாம் பணம்தான். என் பையன் லெவன்த் கிரேடு, பாயின்ட் கார்டு, சம்மர்ல ஏஏயூ ஆடறான், ஸ்கூலுக்கு வெளிய நம்ம செலவுல ஆடற கிளப் டோர்னமென்ட். உச்ச மட்டமான டிவிஷன் 1 காலேஜ்காரங்க இப்பல்லாம் ஹைஸ்கூல் பசங்களுக்கு போனே பண்றதில்ல, போர்ட்டல்லேருந்து ஆள் எடுத்துக்கறாங்கன்னு அவன் கோச் சொல்றார். ஏஏயூக்கு இவ்வளவு செலவு பண்றது தொடரணுமா, நிறுத்திடட்டுமா? என் பேர் போட வேண்டாம்.

கே.

அன்புள்ள கே.,

உங்க மெயில் வந்தப்ப நான் செயின்ட் பீட்டர்ஸ் காலேஜ் பசங்களைப் பத்திதான் நினைச்சுட்டிருந்தேன், அதான் உடனே உக்காந்துட்டேன். இல்லைன்னா பாஸ்கெட்பால் மெயிலுக்கெல்லாம் இங்க பதில் போடறதில்ல, படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் மதுரைலயும் கோயம்புத்தூர்லயும் இருக்காங்க. அவங்களுக்காக ரெண்டு வரி: அமெரிக்காவுல காலேஜ் டீம்ல ஆடற பையன் காலேஜ் மாறணும்னா ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு ஒரு ஆன்லைன் லிஸ்ட்ல பேர் போடணும், 2018 அக்டோபர்லேருந்து அது இருக்கு. தன்னோட பேரையும் முகத்தையும் வச்சு விளம்பரத்துல சம்பாதிக்க 2021 ஜூலைலேருந்து அனுமதி, என்ஐஎல்னு சொல்லுவாங்க. ப்ளேயர்ஸ் போட்ட ஹவுஸ் கேஸ்ல 2025 ஜூன்ல செட்டில்மென்ட் ஆனப்புறம் காலேஜே நேரடியா சம்பளம் மாதிரி குடுக்கலாம், முதல் வருஷ உச்சவரம்பு எல்லா ஸ்போர்ட்ஸுக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 20.5 மில்லியன் டாலர், அமெரிக்கன் ஃபுட்பால் டீம் இருக்கற பெரிய காலேஜ்ல அதுல பெரும்பங்கை ஃபுட்பாலே முழுங்கிடும். அவ்வளவுதான் கதை.

டிபான்ட்சா மேட்டரை விடுங்க, குடுக்கறவன் குடுக்கறான், வாங்கறவன் வாங்கறான், உங்க டேக்ஸ் ஒண்ணும் கூடப் போறதில்ல. டிவில பேர் தெரியலைங்கறது ஒரு புகாரே இல்ல, சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரோஸ்டரைத் திறந்து படிங்க. ஆனா விசுவாசம்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கீங்க பாருங்க, அதை மட்டும் நான் விட மாட்டேன்.

மூணு கம்பெனி மாறினேன்னு நீங்களே முதல் வரியில எழுதறீங்க. ஹைக் கிடைச்சுது, பேப்பர் போட்டீங்க, ரெண்டு வாரத்துல அடுத்த ஆபீஸ்ல பேட்ஜ் வாங்கிட்டீங்க. யாராவது உங்களைப் பாத்து விசுவாசம் இல்லாதவன்னு சொன்னாங்களா? இந்தப் பசங்களுக்கு இருந்த ரூலை உங்க எச்1பிக்குப் போட்டுப் பாருங்க. கம்பெனி மாறணும்னா முதல்ல பழைய மேனேஜர்கிட்ட பர்மிஷன் வாங்கணும், அவர் போட்டிக் கம்பெனிக்கெல்லாம் போகக்கூடாதுன்னு லிஸ்ட் குடுப்பார், அதையும் தாண்டி மாறினா புது ஆபீஸ்ல ஒரு வருஷம் தினமும் வந்து ட்ரெயினிங் எடுக்கலாம் ஆனா ஒரு ப்ராஜெக்ட்லயும் கை வைக்கக்கூடாது, அதே சமயம் உங்க மேனேஜர் மட்டும் நினைச்ச அன்னைக்கு டபுள் சம்பளத்துல அடுத்த கம்பெனிக்குப் போகலாம். ஒத்துக்குவீங்களா தம்பி? ரோட்டுல இறங்கி போராட்டம் பண்ணியிருப்பீங்க. கோச்கிட்ட பர்மிஷன் வாங்கற வழக்கம் 2018 வரைக்கும் இருந்துச்சு, ஒரு வருஷம் பெஞ்சுல உக்கார வைக்கற ரூல் ஆண்கள் பாஸ்கெட்பால்ல 2021 வரைக்கும் இருந்துச்சு. இதெல்லாம் ஏதோ தாத்தா காலத்துக் கதை இல்ல, நீங்க கேரில செட்டில் ஆனப்பவும் இதான் சட்டம்.

நான் தொண்ணூறுகளோட கடைசியில ஒஹையோவுல மாஸ்டர்ஸ் படிச்சுட்டு ஸ்டாடிஸ்டிக்ஸ் கிளாஸுக்கு டிஏவா இருந்தேன். என் செக்‌ஷன்ல ஒரு பையன், ஆறடி அஞ்சு அங்குலம், அந்த சின்ன மேசைக்குள்ள கால் நுழையாம பக்கவாட்டுல நீட்டி உக்காருவான். பாஸ்கெட்பால் ப்ளேயர்னு சொன்னாங்க, ஆனா மேட்சுல ஆளைக் காணோம். கேட்டா ட்ரான்ஸ்ஃபர், இந்த வருஷம் ஆடக்கூடாதுன்னான். ஏன்ப்பா மாறினேன்னா, என்னைக் கூட்டிட்டு வந்த கோச் வேற காலேஜுக்குப் போயிட்டார் மேம், புது கோச்சுக்கு நான் வேண்டாம்னான். கோச் போனாரு, தண்டனை இவனுக்கு. ஒரு ஜனவரி சாயங்காலம், அந்த ஊர் ஜனவரி எப்படின்னு இருந்தவங்களுக்குத்தான் தெரியும், பனி கொட்டுது, பஸ் ஸ்டாப்புல மெல்லிசா ஒரு டீம் ஜாக்கெட்டைப் போட்டுட்டு நிக்கறான். என் ஓட்டை கரோலாவை நிறுத்தி ஏறுடான்னேன். "நோ மேம், உங்க கார்ல ஏறினா எனக்கு எலிஜிபிலிட்டி, டீம்ல ஆடற தகுதியே போயிடும்"னான். நான் ஜோக்னு நினைச்சு சிரிச்சேன், அவன் சிரிக்கல. டீச்சிங் ஸ்டாஃப் லிஃப்ட் குடுத்தா அது எக்ஸ்ட்ரா பெனிஃபிட்டாம், மத்த ஸ்டூடன்டுக்குக் கிடைக்காத சலுகையாம், காலேஜ்ல கூப்பிட்டு உக்கார வச்சு சொல்லியிருக்காங்க. சரின்னு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன், கண்ணாடியில பாத்தா அவன் அங்கயே நிக்கறான். அதே டீமோட கோச் ஓட்டிட்டிருந்தது லோக்கல் டீலர் சும்மா குடுத்த புது வண்டி, அந்த டீலரோட பேனர் ஜிம்முக்குள்ளயே தொங்கும். அது எக்ஸ்ட்ரா பெனிஃபிட் இல்லையாம். அன்னைலேருந்து எவனாவது காலேஜ் ஸ்போர்ட்ஸோட புனிதம்னு ஆரம்பிச்சா எனக்கு காது அடைச்சுக்கும்.

புனிதத்துக்கு கணக்கு வேணுமா? மார்ச் மாச டோர்னமென்டை டிவில காட்ட 2010ல 14 வருஷத்துக்கு 10.8 பில்லியன் டாலர்னு ஒப்பந்தம் போட்டாங்க. அது ஓடிட்டிருக்கும்போதே 2014ல கனெக்டிகட்டுக்கு கோப்பை வாங்கிக் குடுத்த ஷபாஸ் நேப்பியர், சில ராத்திரி பசியோடதான் படுக்கப் போறேன்னு ரிப்போர்ட்டர்ஸ் முன்னாடி சொன்னார். அதே மாசம் ப்ளேயர்ஸுக்கு சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை, காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்தற என்சிஏஏ தளர்த்துச்சு. ஒரு சாம்பியன் பசிக்குதுன்னு மைக்ல சொன்னப்புறம்தான் தட்டுல சோறு விழுந்துச்சு. நீங்க அந்த வருஷமும் மேட்ச் பாத்திருப்பீங்க, நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லுவீங்க.

இப்ப செயின்ட் பீட்டர்ஸ். ஜெர்சி சிட்டில இருக்கற சின்ன கத்தோலிக்க காலேஜ், டீமுக்குப் பேரே மயில்கள். 2022ல மார்ச் டோர்னமென்ட்டுக்கு 15வது சீடா, அதாவது கிட்டத்தட்ட கடைசி தரவரிசையில, உள்ள வந்து கென்டக்கியை ஓவர்டைம்ல சாய்ச்சாங்க, அப்புறம் மர்ரே ஸ்டேட், அப்புறம் பர்டூ. 15வது சீடு கடைசி எட்டுக்கு வந்தது சரித்திரத்துலயே அதுதான் முதல் தடவை. அங்க உங்க கரோலினாதான் அவங்களை நிறுத்துச்சு. தோத்த அந்த வாரமே கோச் ஷஹீன் ஹாலோவே ஸீட்டன் ஹாலுக்குப் போயிட்டார். அவர் படிச்சு ஆடின காலேஜ், சொந்த வீட்டுக்குத் திரும்பறார்னு எல்லாரும் கண்ணுல தண்ணி விட்டாங்க. நானும் தப்புன்னு சொல்லல, சந்தோஷமா போகட்டும். ஆனா அடுத்த சில வாரத்துல டக் எடெர்ட்டும் டேரில் பேங்க்ஸும் கேசி என்டெஃபோவும் வேற வேற காலேஜுக்குப் போனப்ப, பாருய்யா ஒரு அழகான டீமை பசங்க உடைச்சுட்டாங்கன்னு எழுதினாங்க. யார் முதல்ல கதவைத் திறந்துட்டுப் போனது?

இன்னொண்ணு சொல்றேன், பொறுமையா படிங்க. 2025ல ஃப்ளோரிடா ஹூஸ்டனை 65-63னு ஜெயிச்சு கோப்பை தூக்கினப்ப, போர்ட்டல்ல வாங்கின கூலிப்படைன்னு நிறைய பேர் திட்டினாங்க. அதுல முக்கியமான ஆள் வால்டர் க்ளேட்டன், செமிஃபைனல்ல ஆபர்னுக்கு எதிரா 34 பாயின்ட் போட்டவர். அவர் முதல்ல அயோனாங்கற சின்ன காலேஜ்ல இருந்தார், அங்க கோச் ரிக் பிட்டினோ. 2017ல பசங்களைச் சேர்க்க லஞ்சம்னு எஃப்பிஐ விசாரணை வெடிச்சப்ப லூயிவில் காலேஜ் வேலையை விட்டுத் தூக்கின அதே பிட்டினோ, அயோனாதான் 2020ல அவருக்கு அமெரிக்காவுல மறுவாழ்வு குடுத்துச்சு. 2023ல செயின்ட் ஜான்ஸ் கூப்பிட்டதும் கிளம்பிட்டார். அதுக்கப்புறம்தான் க்ளேட்டன் போர்ட்டல்ல பேர் போட்டார், சொந்த மாநிலத்துக்குப் போனார். இதுல விசுவாசம் இல்லாதவன் யாரு? அப்புறம் கென்டக்கில கலிபாரி. 2019ல அவர் போட்டது ஆயுள் ஒப்பந்தம்னே பேப்பர்ல வந்துச்சு. 2024ல ஓக்லாந்துங்கற சின்ன டீம்கிட்ட முதல் ரவுண்டுல தோத்தாங்க, அடுத்த மாசமே மனுஷன் அர்கான்ஸாஸ்ல உக்காந்துட்டார். ஆயுள் அஞ்சு வருஷத்துல முடிஞ்சுபோச்சு! ரெக்ரூட்டிங்குக்கு வீட்டுக்கு வர்ற கோச் அம்மா பக்கத்துல சோஃபாவுல உக்காந்து, உங்க பையனை என் பையன் மாதிரி பாத்துக்கறேன்னு சொல்லுவார். அந்த வாக்குக்கு எந்த ரூல்புக்லயும் தண்டனை கிடையாது, பையன் போட்ட கையெழுத்துக்கு மட்டும் இருந்துச்சு.

நடுவுல ஒண்ணு, இது உங்களுக்கும் எனக்கும் நல்லா புரியும். பர்டூல ஏழடி நாலு அங்குலம் ஸாக் ஈடி ஆடினார், 2023லயும் 2024லயும் நாட்டுலயே சிறந்த ப்ளேயர். கனடாக்காரர், படிக்க வர்றவங்களுக்கான எஃப்1 விசா. கூட ஆடறவன் எல்லாம் என்ஐஎல்ல சம்பாதிக்கறப்ப இவர் அமெரிக்காவுக்குள்ள ஒரு விளம்பரத்துல வேலை பாத்தா விசாவுக்கே ஆபத்து. காங்கோவுலேருந்து வந்த ஆஸ்கர் ஷிப்வே, கென்டக்கி டீம் 2022 ஆகஸ்ட்ல பஹாமாஸுக்கு ஆடப் போனப்ப அங்க வச்சு என்ஐஎல் வேலையை முடிச்சுக்கிட்டார். எஃப்1 படுத்தற பாடு சென்டர் பொசிஷன்ல ஆடினாலும் கோடிங் பண்ணினாலும் ஒண்ணுதான்.

சரி, எதுவுமே கெட்டுப்போகலையான்னா, கெட்டுத்தான் போயிருக்கு, ஆனா நீங்க கைகாட்டற இடத்துல இல்ல. ரெண்டு வருஷத்துல ஜெயிக்கலைன்னா கோச்சுக்கு வேலை போயிடும், அதனால அவர் பதினெட்டு வயசுப் பையனை எடுத்து வளர்க்கற வேலைக்கே போறதில்ல, இருபத்திரெண்டு வயசுல தோள் முத்தின ஆளை போர்ட்டல்லேருந்து எடுத்துக்கறார். 2025ல டோர்னமென்ட் பாதியில ஓடிட்டிருக்கும்போதே போர்ட்டல் திறந்துடுச்சு, ரெண்டாயிரம் பேருக்கு மேல அதுல பேர் போட்டாங்க. அவ்வளவு ஆள் கையில இருக்கறப்ப ஹைஸ்கூல் ஜிம்முக்கு எவன் வருவான்? உங்க மாநிலத்துலயே இருக்கே டேவிட்சன் காலேஜ், பின்னாடி என்பிஏ ஸ்டாரான ஸ்டெஃப் கரி அங்க போனது 2006ல, அப்பா டெல் கரி ஆடின வர்ஜீனியா டெக்கே ஸ்காலர்ஷிப் தர முடியாதுன்னு சொன்ன ஒல்லிப் பையன். 2008ல கான்ஸஸ்கிட்ட 59-57னு தோத்து ஃபைனல் ஃபோர், அதான் கடைசி நாலு, கை நழுவினப்புறமும் அடுத்த வருஷம் அங்கயே வந்து ஆடினார். இன்னைக்கு அப்படி ஒருத்தன் ரெண்டாவது வருஷம் அப்படி ஆடினா மூணாவது வருஷம் டேவிட்சன்ல இருக்க மாட்டான், போகாதன்னு சொல்ல எனக்கும் வாய் வராது, ஆனா டேவிட்சனை நினைச்சா வலிக்கத்தான் செய்யுது. பென்சில்வேனியால செயின்ட் ஃப்ரான்சிஸ்னு ஒரு காலேஜ், 2025 மார்ச்ல டோர்னமென்ட்ல ஆடினாங்க, அதே மாசம் நாங்க கடைசி மட்டமான டிவிஷன் 3க்கு இறங்கிக்கறோம்னு அறிவிச்சுட்டாங்க. ஆடி முடிச்ச வேர்வை காயல. இதுக்கு நீங்க கோவப்பட்டிருந்தா நானும் கூட சேர்ந்து திட்டியிருப்பேன். நீங்க என்னடான்னா பத்தொம்பது வயசுப் பையன் காசு வாங்கினான்னு கோவப்படறீங்க.

இவ்வளவு நேரம் உங்க பையனை மறந்தே போயிட்டேன். அவன் கோச் சொன்னது உண்மைதான், டிவிஷன் 1 கதவு முன்ன மாதிரி இல்ல. அவனுக்கு ஆடப் பிடிச்சிருந்தா ஏஏயூ தொடரட்டும், ஆனா ஸ்காலர்ஷிப்ல செலவை எடுத்துடலாம்னு நீங்க மனசுக்குள்ள ஒரு கணக்கு வச்சிருப்பீங்க, அதை இன்னைக்கே அழிச்சுடுங்க, பிளேன் ஏறிப் போற டோர்னமென்ட்டைப் பாதியாக் குறைங்க. டிவிஷன் 3 கோச்சுங்களுக்கு அவனையே மெயில் எழுதச் சொல்லுங்க, நீங்க எழுதாதீங்க. அங்க ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனா மார்க்குக்கும் குடும்ப வருமானத்துக்கும் பாத்து உதவி கிடைக்கும். டங்கன் ராபின்சன் வில்லியம்ஸ்ங்கற டிவிஷன் 3 காலேஜ்ல ஒரு வருஷம் ஆடிட்டு மிச்சிகன் போய், அங்கேருந்து என்பிஏ போனவர்தான். அப்படி உங்க வீட்டுப் பையனை ஒரு பெரிய காலேஜ் கூப்பிட்டா, அன்னைக்கு விசுவாசம்னு சொல்லி அவனைத் தடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும், கையெழுத்துப் போட பேனாவை நீங்கதான் நீட்டுவீங்க.

அப்புறம் இவ்வளவு எழுதினீங்க, பையன் என்ன ஹைட்டுன்னு எழுதவே இல்ல. அஞ்சடி எட்டுதான்னா தனியா ஒரு மெயில் போடுங்க, வேற மாதிரி பேசணும்.

அன்புடன்,
அக்கா