தினமும் ஒரே மாதிரி ஓடும் வாழ்க்கையில், 'அட!' என்று பொறி தட்டும் கணங்கள் எப்படிக் கிடைக்கும்?

கேட்டவர் வேலைக்குப் போய் வந்து, போனைப் பார்த்தபடியே தூங்கிப்போகிற ஆள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். தியானம், டைரி எல்லாம் எனக்கு வராது. எனக்குக் கிடைத்தது ஓர் ஓட்டை.

கால் முறிந்து ஆறு வாரம் படுக்கையில் கிடந்தேன். ஜன்னலின் மரக்கதவில் தாழ்ப்பாள் கழன்ற இடத்தில், தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. காலையில் அதன் வழியாக எதிர்ச்சுவரில் வெயில் விழும். பார்க்க வந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, ஓட்டை சதுரமா இருக்கு, வெளிச்சம் ஏன் வட்டமா விழுது?"

"வெளிச்சம்னா அப்படித்தான்டா விழும்" என்றேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. உங்களுக்கும் 'அப்படித்தான்' என்று வாயில் வந்தால் அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். நான் சொல்லக்கூடிய வழி அது ஒன்றுதான்.

மறுநாள் மாத்திரை அட்டையின் பின்பக்கத் தாளைக் கிழித்து, முக்கோணமாகத் துளை போட்டு, அவனை விட்டு ஓட்டைமேல் ஒட்டச் சொன்னேன். அப்போதும் வட்டம்தான்! அது ஓட்டையின் வடிவமே இல்லை, சூரியனின் படம். மூன்று வாரமாகச் சூரியனைச் சுவரில் வைத்துக்கொண்டு போனை நோண்டியிருக்கிறேன்.

ஒளிக்கு நேராக அட்டையைப் பிடித்து அளந்தோம். ஓட்டையிலிருந்து 3.2 மீட்டரில் வட்டம் கிட்டத்தட்ட 3 செ.மீ. (ஓரம் கலங்கலாகத்தான் இருக்கும், மில்லிமீட்டர் சண்டைக்கு வராதீர்கள்.) அதாவது வட்டத்தின் அகலம் தூரத்தில் 107-இல் ஒரு பங்கு. நிஜச் சூரியனுக்கும் இதே விகிதம்தான். சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கி.மீ. தூரத்தில்; வகுத்தால் அதன் விட்டம் 14 லட்சம் கி.மீ. புத்தகத்தில் இருப்பது 13.9 லட்சம். சுவரில் வட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். இரண்டு நிமிஷத்தில் வெளிச்சம் கோட்டை விட்டு முழுசாக நகர்ந்துவிட்டது. பூமி தன்னைத்தானே சுற்றுகிற வேகம் அது.

'ஊசித்துளைக் கேமரா, பள்ளிப் பாடம்தானே' என்று சிலர் வருவார்கள். படம் வரைந்து பாகம் குறித்து நானும் மார்க் வாங்கியவன்தான். ஆனால் இது சின்னப் பிள்ளைக் கேள்வி இல்லை. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் பழைய தொகுப்பிலேயே இருக்கிறது. 1604-இல் வானியல் அறிஞர் கெப்ளர் இதற்கு விளக்கம் எழுதினார். ஒளி தரும் பொருளுக்குப் பதில் ஒரு புத்தகத்தை உயரத்தில் வைத்து, அதன் ஓரத்திலிருந்து பல மூலைகள் கொண்ட துளை வழியாக, ஒளிக்கதிர் மாதிரி நூலை இழுத்துத் தரையில் கோடு போட்டுப் பார்த்தவர் அவர். கோடுகள் சேர்ந்து வந்தது துளையின் வடிவம் இல்லை, புத்தகத்தின் வடிவம்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. அந்த வீட்டைக் காலி செய்தபோது, சுவரைக் கிறுக்கிவிட்டேன் என்று வீட்டுக்காரர் பணம் பிடித்துக்கொண்டார். பென்சில் கோடு ரப்பரில் போயிருக்கும். கேட்டால், ஆணி ஓட்டைக்கும் சேர்த்துத்தானாம். ஆணி அடித்தது எனக்கு முன்னால் இருந்தவர்.