மாதக்கணக்கில் சும்மா கிடந்த புல் வெட்டும் மெசின் ஸ்டார்ட் வருவதில்லை. கானில் இருக்கும் பழைய பெற்றோலைப் பாவிக்கலாமா?

கேள்வி கேட்டவர் மட்டக்களப்புக் கல்லடிக்காரர். வளவுப் புல்லுக்கு வாங்கிய டூ-ஸ்ட்ரோக் மெசின் மாசியில் கடைசியாக ஓடியிருக்கிறது. இப்போது ஐப்பசி மழைக்குப் புல் முழங்காலளவு வந்துவிட்டது, கயிறு இழுத்துக் கைதான் நோகிறதாம். அப்போது ஒயில் கலந்து வைத்த பெற்றோல் கானில் அப்படியே இருக்கிறது, டாங்கியிலும் கொஞ்சம் கிடக்கிறது என்கிறார்.

அந்தப் பெற்றோல் வேண்டாம். மெசினில் பெரிய பிழை இருக்காது, பெற்றோல்தான் கெட்டிருக்கும். குளிர்ந்த இஞ்சினைப் பற்ற வைப்பது பெற்றோலில் இலகுவாக ஆவியாகும் பகுதி. அதுதான் முதலில் பறக்கும். மிஞ்சியது காற்றுப் பட்டு மெல்லப் பிசினாகி, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரின் ஊசித்துவாரங்களை அடைத்துவிடும். கெட்டதா இல்லையா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஒயிலில் சாயம் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் வருகிற வாடையை வைத்துச் சொல்லலாம். பழைய பெற்றோல் வார்னிஷ் மாதிரிப் புளித்து மணக்கும். அதற்காக மூக்கைக் கானுக்குள் விட வேண்டாம்.

யூடியூப்பில் வெள்ளைக்காரர் பனிக்காலத்துக்கு முன்னால் மெசினை எப்படி மூடி வைப்பது என்று பாடம் எடுப்பார்கள். நமக்குக் கச்சானும் மாரியும்தான் கணக்கு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் புல் கருகிவிடும், மெசின் சும்மா கிடக்கும். அதே மாதங்களில்தான் தகரக் கொட்டில் அடுப்பாகக் கொதிக்கிறது, உள்ளே இருக்கும் பெற்றோல் இன்னும் கெதியாகக் கெடுகிறது. தண்ணீர் பம்புக்கு இது மறுபக்கம். களுதாவளைப் பக்கத் தோட்டங்களில் அது வெயிலுக்கு ஓயாமல் ஓடி மாரியில் ஓய்வெடுக்கும். அப்போது ஈரம்தான் எதிரி. அரைக் கான் பெற்றோல் என்றால் மீதி அரைக் கான் ஈரக்காற்று. அந்த ஈரம் தண்ணீராகிப் பெற்றோலுக்கு அடியில் போய் நிற்கும்.

ஆகவே கொஞ்சமாக வாங்குங்கள். ஒயில் கலந்ததை ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். கலக்காததை நிழலில் இறுக மூடி வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். 2022 தட்டுப்பாட்டில் பெற்றோல் செட்டில் விடிய விடிய வரிசையில் நின்றவர்களுக்கு, கான் நிறையப் பெற்றோல் இருந்தால்தான் நிம்மதி. அந்தப் பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் கட்டிலுக்குக் கீழே பத்து லீற்றர் வைத்துக்கொண்டு படுப்பது நிம்மதியில் சேர்த்தியில்லை. பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது, நிலத்தோடு ஊர்ந்து போய் அடுப்பையும் சாமி விளக்கையும் தேடிப் பிடிக்கும். வீட்டுக்கு வெளியே, நிழலான, காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். எரிபொருளுக்கென்றே விற்கும் தடித்த கான் வேண்டும். விளிம்பு வரை நிரப்பக் கூடாது, சூட்டுக்கு விரிய இடம் தேவை. சோடாப் போத்தலில் ஒரு நாளும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடி வருகிற பிள்ளைக்கு அது சோடாதான். யாராவது குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி எடுக்கும் பழக்கமும் இதே ரகம்தான், நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

சரி, இப்போது மெசினுக்கு வருவோம். வெளியில் வைத்து டாங்கியைக் காலி பண்ணுங்கள். உள்ளே ஒரு சின்னக் குழாய் தொங்கும், அதன் நுனியில் பில்டர். கம்பியை வளைத்து மெதுவாக வெளியே இழுத்துப் பாருங்கள். குழாயை மடிக்கும்போது வெடிப்புத் தெரிந்தால் காற்று இழுக்கும், மாற்ற வேண்டும். பிறகு புதுக் கலவை. மெசினோடு வந்த தாளில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம். 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லி ஒயில், 25க்கு 1 என்றால் 40 மில்லி. போத்தல் மூடியால் கண்ணளவில் ஊற்றுவதை நிறுத்துங்கள். பாமசியில் 20 மில்லி சிரிஞ்ச் விற்கிறார்கள், அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. ஒயில் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும், கூடினால் சைலன்சரில் கரி பிடிக்கும்.

றப்பர் குமிழை அமத்திப் பெற்றோல் ஏறுவதைப் பார்த்து, காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டுச் சில தரம் இழுங்கள். வரவில்லையா? நெருப்புப் பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை, காபரேட்டர் அடைத்திருக்கிறது. நனைந்திருந்தால் அளவுக்கு மிஞ்சி வந்திருக்கிறது, அல்லது பிளக்கில் நெருப்பு இல்லை. நனைந்த பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, சோக் இல்லாமல் இழுங்கள். காபரேட்டரைக் கழற்ற நேர்ந்தால் கிளீனர் ஸ்பிரே அடித்து, பெற்றோல் பாயும் சின்னத் துண்டான ஜெட்டின் துவாரத்தில் மெல்லிய தங்கூசியை, அதாவது நைலோன் நூலை, விட்டு எடுக்கலாம். ஊசியால் குத்துகிறவர்கள் உண்டு. ஜெட் பித்தளை, துவாரம் பெரிதாகிவிட்டால் பிறகு எந்தத் திருகாணியைத் திருகியும் பயனில்லை.

மெசினை ஓய்வுக்கு வைக்கும்போது டாங்கியைக் காலி பண்ணி, ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுக் கயிற்றை மெதுவாக இழுத்து மூடி வைத்தால் போதும். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்ப் வைத்திருப்பவர்கள், நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் காபரேட்டரில் மண்ணெண்ணெய் நிற்கும், அடுத்த நாள் காலையில் பம்ப் அசையாது. மண்ணெண்ணெய் 87 ரூபாய்க்கு விற்ற காலத்தில் அது சிக்கனம். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ஆன பிறகும் பழக்கத்தில் சிலர் அப்படியே ஓட்டினார்கள்.

கானில் மிஞ்சியதைக் கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள். நம் கரையோரம் மணல் நிலம், சில அடியில் தண்ணீர், ஊற்றியது கிணற்றுக்குத்தான் வரும். குப்பை எரிக்கவும் பாவிக்க வேண்டாம், நெருப்பு கைக்கு ஏறும். கராஜில் கேட்டுப் பாருங்கள், இரும்புச் சாமான் கழுவ அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கராஜுக்குப் போனால் இன்னொன்று: காபரேட்டரையே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வான டயபிரத்தின் கிட்டை மட்டும் முதலில் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.