தாத்தாவின் உளிப்பிடிக்கு வார்னிஷா, எண்ணெயா?

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தாத்தாவின் உளிகள், இழைப்புளி, ஒரு கோடாலி எல்லாவற்றையும் துரு எடுத்து, பிடிகளை உப்புத்தாளால் தேய்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் வார்னிஷ் அடிக்கச் சொல்கிறார், அம்மா தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார். எதைப் பூசுவது?"

இரண்டும் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் போடுங்கள். பெயிண்ட் கடையில் 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' என்று கேட்டால் தருவார்கள்.

வார்னிஷ் மரத்துக்கு மேலே படலமாக நிற்கும். நாற்காலிக்கு அது சரி, ஆனால் கோடாலி வீசும்போது வியர்த்த கையில் வழுக்கும், உரசி உரசிக் கொப்புளம் போடவைக்கும். அப்புறம், ஓரிடத்தில் பெயர்ந்துவிட்டால் ஈரம் அந்த வழியாக உள்ளே போய்விடும், எளிதில் வெளியேறாது. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை.

தேங்காய் எண்ணெயின் சிக்கல் அது காயவே காயாது என்பதுதான். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மரத்துக்குள்ளேயே கெட்டிப்படும். தேங்காய் எண்ணெய் எண்ணெயாகவே இருந்து தூசியைப் பிடித்து, கடைசியில் காறல் வாடை அடிக்கும். வள்ளத்துக்குப் பூசுகிற முந்திரித்தோட்டு எண்ணெயை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கைத்தோல் பொத்துப்போகும்.

பூசும் முறையில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். பழைய வார்னிஷ் மிச்சமிருந்தால் சுரண்டிவிட்டு, 120, பிறகு 180 நம்பர் தாளோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் வழவழப்பாக்கினால் பிடிமானம் போய்விடும். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். துணியில் கொஞ்சமாக எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, மரம் குடிக்காமல் மேலே நிற்பதை ஒரு சொட்டு விடாமல் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருக்கும். மறுநாள் அடுத்த பூச்சு, மழைக்காலமென்றால் இரண்டு மூன்று நாள் விட்டு. மூன்று பூச்சு போதும். பிடியின் வெட்டு முனைகள்தான் அதிகம் உறிஞ்சும், அங்கே மட்டும் தாராளமாகக் கொடுங்கள். தேக்குப் பிடியென்றால் அதிலேயே எண்ணெய்ப் பசை உண்டு, காய நாளாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உளிக்கும் இழைப்புளிக்கும் கடைசியில் தேன்மெழுகு பூசினால் கைக்கு அவ்வளவு சுகமாக இருக்கும். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் மெழுகு கேட்டுப் பாருங்கள். ஒரு பங்கு மெழுகுக்கு நான்கு பங்கு எண்ணெய், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். கோடாலிக்கு மெழுகு தேவையில்லை. சமையலறை வெட்டுகத்திக்கு மட்டும், சீக்கிரம் காய உலர்த்தி ரசாயனம் கலந்த 'டபுள் பாயில்டு' எண்ணெய்க்குப் பதில், கிரிக்கெட் மட்டைக்குப் பூசுகிற, எதுவும் கலக்காத ஆளிவிதை எண்ணெய் ('ரா லின்சீட் ஆயில்') வாங்குங்கள், காய வாரக்கணக்காகும்.

துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடவே கூடாது. எண்ணெய் கெட்டிப்படும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனியாக விரித்துக் காயப்போடுங்கள், மழையென்றால் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள்.