ஸ்டீராய்டு கேட்கவில்லை, பயாப்சிக்குச் சம்மதிக்கலாமா?

சகோதரி, 5 வயது மகனுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் கசியவிடும் நோய்), 4 வாரம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தும் சிறுநீரில் புரதம் குறையவில்லை, பினாங்கில் பயாப்சி, அதாவது சிறுநீரகத்தில் ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, செய்யச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கோலாலம்பூரில் எங்கள் பையனுக்கும் இதே கதைதான். காலையில் கண் இமை வீங்கியிருந்ததைக் கொசுக்கடி என்று நினைத்து தைலம் தடவிக்கொண்டிருந்த ஆட்கள் நாங்கள்!

பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவது இந்த நோயில் மினிமல் சேஞ்ச் என்ற வகை. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் திசு ஒழுங்காகவே தெரியும், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் சிறுநீரக வடிகட்டியைச் சுற்றியுள்ள போடோசைட் செல்களின் பாதங்கள் தட்டையாகிக் கிடப்பது தெரியும். அது பொதுவாக ஸ்டீராய்டுக்குக் கேட்டுவிடும், அதனால்தான் எடுத்த எடுப்பில் பயாப்சிக்கு ஊசி குத்துவதில்லை. கேட்காதபோது எஃப்.எஸ்.ஜி.எஸ், அதாவது சில வடிகட்டிகளில் மட்டும் அங்கங்கே தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்த மருந்தை முடிவுசெய்ய அது உதவும். சம்மதியுங்கள்.

எடுப்பது நூல் கனத்தில் ஓரிரு துண்டுதான். அப்புறம் சில மணி நேரம் அசையாமல் படுக்க வைப்பதுதான் பெரும்பாடு, சிறுநீர் கொஞ்சம் சிவப்பாகவும் போகலாம். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள், நடுராத்திரி ஆனாலும் சரி.